மீசை அண்ணன் கடலுக்குள் போன நாள்

பிரிக்பீல்ட்ஸில் தண்ணி போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணிக்குள்ளே போய் உட்கார்ந்து மூச்சுவிட வேண்டும் என்று அலைந்த ஒரே தமிழர் மீசை அண்ணன்தான். எண்பதுகளில் கோலாலம்பூர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்திருந்தாலும் அப்படி இன்னொருவர் கிடைத்திருக்க மாட்டார்.

ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஸ்டோரில் அவர் கிளார்க். நான் எதிர் மேசை. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. அது ஃபைலில் மட்டும் புழங்கும். மலாயிலும் மீசைக்கு மிசாய் என்றே பெயர் என்பதால், அதிகாரி முதல் கேன்டீன் நடத்திய சீனர் வரை எல்லாருக்கும் ஒரே பட்டப்பெயர் போதுமானதாக இருந்தது. மீசையும் அதற்குத் தகுதியானதுதான். இரண்டு பக்கமும் அணில் வால் மாதிரி தூக்கி நிற்கும். அவர் திரும்பி அரை விநாடி கழித்துத்தான் மீசை திரும்பும்.

எல்லாம் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையால் வந்த வினை. ஸ்டோருக்கு வந்த பெட்டியில், சாமான் உடையாமல் இருக்க அதைக் கிழித்துத் திணித்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் படம். கடலுக்கடியில் பாசி மரம் மரமாக வளர்ந்து நிற்கிறது. மேலிருந்து வெயில் இறங்குகிறது. நடுவே ஒரு மனிதன் மிதக்கிறான்.

"தம்பி, இதப் பாரேன். தண்ணிக்குள்ள காடு லா! காலையில நம்ம ரப்பர் தோட்டத்துல வெயில் விழும் பாரு, அச்சு அசல் அதே மாதிரி."

ஒரே மாதத்தில் முக்குளிப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு. ஜோடி இல்லாமல் யாரையும் இறக்க மாட்டோம் என்று கோச் சொன்னதும், ஜோடியாக என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எனக்குத் தகவல் சொன்னார். நான் மறுக்கவில்லை. டைப்பிஸ்ட் கமலாவின் காதில் விழும்படி அதை இரண்டு முறை சொல்லவும் செய்தேன்.

அதன் பிறகு ஸ்டோரில் வேலை நடந்ததாக எனக்கு நினைவில்லை. வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து ரப்பர் குழாயால் மூச்சுவிடுவார். வாத்துக்கால் மாதிரி இருக்கும் அந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து கேன்டீனுக்குப் போவார். போதாக்குறைக்குக் கைச்சைகை வேறு. முக்குளிப்பவர்களுக்குக் கட்டைவிரலைத் தூக்கினால் 'பிரமாதம்' என்று அர்த்தமில்லை. 'மேலே போ' என்று அர்த்தம். ஒருநாள் எங்கள் மலாய் அதிகாரி அவர் வேலையைப் பாராட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். அண்ணன் எழுந்தார், மாடிப்படி ஏறினார், மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார்.

மீசையால்தான் சிக்கல். நீச்சல்குளத்தில் இறங்கும்போதெல்லாம் முகக் கண்ணாடிக்கும் உதட்டுக்கும் நடுவே அது வாசல் திறந்துவிட, தண்ணீர் உள்ளே வந்து குடியேறியது. கோச் ஒரு சீனர். பொறுமையை இழந்து கத்தினார்.

"மிஸ்டர்! மிசாய் புவாங் லா!"

புவாங் என்றால் தூக்கியெறி. அண்ணன் வாஸ்லினைத் தடவிப் பார்த்தார், மாவைக் கூடக் குழைத்து அப்பிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடலுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது மழித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். அலுவலகமே எழுந்து நின்றது. "யாரு தவறிட்டாங்க அண்ணே?" என்று ஒருவர் கையைப் பிடித்து அழவே தொடங்கிவிட்டார். வீட்டில் அக்கா, அதாவது அவர் மனைவி, கதவைப் பாதி திறந்து, "அவரு இல்லீங்களே" என்று சொன்னதாகவும் கேள்வி.

போர்ட்டிக்சன் கடற்கரையில் புதியவர்களை இறக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டு ஆள் ஆழம்தான். பாசி ஆள் உயரத்துக்குமேல் வளரும் பருவம் அது. அலுவலகத்தில் பத்துப் பேர் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கமலாவும் வந்திருந்தாள்.

முதுகில் காற்று உருளையும் வாயில் அதன் குழாயுமாக இறங்கினோம். கோச் வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். பழுப்பும் பச்சையுமாகப் பாசி எங்கள் தலைக்குமேல் அசைந்தது. அதன் நடுவே வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குள்ளே அவர் கண்கள் சின்னப் பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன. விரலால் வட்டம் காட்டினார்: நலம்.

அப்போது என் காலில் ஏதோ சுற்றியது. பாசிதான். பாம்பு என்று என் மூளை சொன்னது. உதறினேன், இன்னும் இறுகியது. அலற வாயைத் திறந்தேன். காற்றுக் குழாய் வாயிலிருந்து நழுவிப் போனது. உப்புத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. செத்தேன் என்று நினைத்தேன்.

ஒரு கை என் தோளை அழுத்திப் பிடித்தது. அண்ணன் தன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி என் வாயில் திணித்தார். இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். நான் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சை அடக்கியபடி குனிந்து, என் காலிலிருந்த பாசியை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். பிறகு கீழே ஆடிக்கொண்டிருந்த என் குழாயைத் தேடி எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். என் முகத்துக்கு நேரே கட்டைவிரலைத் தூக்கினார். மேலே போனோம்.

கரைக்கு வந்து பார்த்தால், போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னலா, அதுக்குள்ள வந்துட்டீங்க? யாரு பயந்தது?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். கமலா என்னையே பார்த்தாள்.

"அண்ணனுக்கு மூச்சு முட்டிருச்சு," என்றேன். "நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

முகத்தில் தண்ணீர் வழிய, அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கமலாவைப் பார்த்தார்.

"ஆமா லா," என்றார். "கொஞ்சம் பயந்துட்டேன்."

பின்னால் வந்த கோச்சிடமும் அதையேதான் சொன்னார்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கதை நன்றாக எடுபட்டது. விட மனம் வரவில்லை. அண்ணன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டதை, 'அம்மா' என்று தண்ணீருக்குள் கத்தியதை, குமிழி குமிழியாக அது மேலே வந்ததை எல்லாம் நான்தான் சேர்த்தேன். அவர் வீட்டுத் தீபாவளி விருந்தில் நடித்தே காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இனிமே கடல் பக்கம் போனீங்கன்னா, என்னை உயிரோட பார்க்க முடியாது," என்றார்.

கிழக்குக்கரைத் தீவு ஒன்றுக்கு அடுத்த மாதம் போக அவர் பெயர் கொடுத்திருந்தார். மறுநாள் போன் செய்து பெயரை எடுத்துவிட்டார். எதிர் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "வைஃப் கொஞ்சம் பயப்படுது லா" என்பதை மூன்று தடவை சொன்னார். நான் ஃபைலைப் புரட்டினேன்.

மீசை மறுபடி வளர்ந்தது. ஆனால் பழையபடி தூக்கி நிற்கவில்லை. கமலா எனக்கு மனைவியானாள். கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் அண்ணன்தான். சொல்லிவிட வேண்டும் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நினைப்பேன். ஓய்வு பெற்றதும் அவர்கள் கிள்ளானை அடுத்த பண்டமாரானுக்கு வீடு மாறிப் போனார்கள். கிள்ளான் வரை போகிற நான் அங்கே போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவருடைய தம்பிதான் காரியம் செய்தார். அஸ்தி கரைக்கத் துறைமுகத்திலிருந்து ஒரு சின்னப் படகு. அக்காவும் பிடிவாதமாக ஏறிக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார். "அவரக் காப்பாத்தின கை, நீயும் வா தம்பி."

படகு கொஞ்ச தூரம் போனதும் அக்கா படகுக்காரரின் தோளைத் தொட்டார்.

"போதும்ப்பா. ஆழத்துக்குப் போக வேணாம். அவருக்குத் தண்ணின்னா பயம்."

படகு வேகம் குறைந்தது. அண்ணனின் தம்பி கலயத்தின் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அக்கா," என்றேன். "அவர் பயப்படல. பயந்தது நான். அவர்தான் என்னைத் தூக்கிட்டு வந்தாரு."

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கலயத்தின் துணியை மறுபடி இழுத்து மூடினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, இன்னும் நாலு தடவ போய்ப் பார்த்துட்டு வந்திருப்பாரே தம்பி."

பிறகு படகுக்காரரிடம் திரும்பினார். "இன்னும் கொஞ்சம் தூரம் போப்பா. நல்ல ஆழமா பார்த்து நிறுத்து."

படகு போனது. எனக்கு அந்த நேரத்தில் மீசை அண்ணன் பக்கத்தில் இருந்தால் தேவலாம் போல இருந்தது.