வால்தம்ஸ்டோவில் நகர்ந்த வேலி

ஒரு முழு ஊரையும் வரலாற்றில் நிலைநிறுத்தப் புறப்பட்டவனுக்கு ஒரேயொரு வேலியை ஒழுங்காக நிறுத்தத் தெரியவில்லை. அந்த மேதை அடியேன்தான். இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டு சொல்வதுதான் வழக்கம், கேட்பவர்களும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். எழுத உட்கார்ந்தால்தான் அவ்வளவாகச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருந்த எங்கள் ஊர் ஷெல்லடிக்குப் பயந்து மொத்தமாக இடம்பெயர்ந்திருந்தது. ஊரில் ஒருவரும் இல்லை, ஆனால் வால்தம்ஸ்டோவிலும் இல்ஃபோர்டிலும் வெம்பிளியிலும் தட்டுப்படுகிறவர்களில் பாதிப்பேர் ஊர்க்காரராக இருந்தார்கள். நான் பகலில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்து, மாலையில் கல்லூரி ஒன்றில் கட்டட வரைபட வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். (ஒரு தவணைதான் முடித்திருந்தேன். ஆனால் சட்டைப் பையில் விதவிதமான பென்சில்களைக் குத்திக்கொண்டு, லண்டன் நகரத்தையே நான்தான் திட்டமிட்டதுபோல நடப்பேன்.)

எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஒருநாள் எழும்பி நின்று பேசினேன். ஊர் அழிந்துகொண்டிருக்கிறது, முதியவர்கள் போய்விட்டால் எந்த வீட்டு வளவு யாருடைய நிலம் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது, ஆகவே ஊரை அப்படியே ஒரு படமாகக் கீறிவைக்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு தெருவும் ஒழுங்கையும், ஒவ்வொரு கிணறும், ஒவ்வொரு வளவுக்குள்ளும் அங்கே வாழ்ந்த பரம்பரையின் பெயர்களும் அதில் இருக்கும். பேசி முடிக்கும்போது என் குரல் எனக்கே தழுதழுத்தது.

"நல்ல விசயம். தம்பியே செய்யட்டும்" என்றார் தலைவர். வேறு ஒருவரும் செய்ய முன்வராத வேலைகளுக்கெல்லாம் அவர் அப்படித்தான் சொல்வார்.

சுவருக்கு ஒட்டும் வெள்ளைத்தாள் உருளை ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். போன இடமெல்லாம் ரோல்ஸும் தேத்தண்ணியும் சண்டையும் கிடைத்தன. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் என்பதால், பரம்பரையைத் தேடினால் அது அம்மா, அம்மாவின் அம்மா என்றுதான் பின்னால் போகும். இது தெரியாத அப்பாவி மாதிரி நான் ஆண்களிடம் கேட்பேன். அவர்கள் "எங்கடை வீடு" என்று நெஞ்சை நிமிர்த்தித் தொடங்குவார்கள். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் குரல் உடனே வரும். "ஆற்றை வீடு? அது என்ரை அம்மாவின்ரை சீதனம். அவர் ஒரு பெட்டியோடை வந்தவர், எழுதும் தம்பி!"

ஒரு மாமி தங்கள் வீட்டுக்கு மேல்மாடி கீறச் சொன்னார். மேல்மாடி கட்டவேயில்லையே என்றேன். "கட்ட இருந்தனாங்கள். சண்டை வந்திட்டுது" என்றார். நான் மேல்மாடியைக் கீறினேன். அந்த நியாயத்துக்கு எதிராக என்ன சொல்ல முடியும்?

எல்லை விசயத்தில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பானவன். யாழ்ப்பாணத்தானுக்கு வேலி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். உயிரைக் கேட்டால் யோசிப்பான், வேலியில் ஒரு விரற்கடை கேட்டால் யோசிக்காமல் வழக்குப் போடக் கோட்டுக்குப் போவான். ஆகவே எந்த வேலியைக் கீறினாலும் இரண்டு பக்கத்து ஆட்களையும் கேட்டு, இருவரும் தலையாட்டிய பிறகுதான் கோட்டைப் போட்டேன். ஒரேயொரு வேலிக்கு மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அது எங்கள் வேலி.

அந்த வேலிக்கு அந்தப் பக்கம் கார்த்திகேசர் பெரியப்பா. என் அம்மாவுடைய அம்மாவும் அவருடைய மாமியாரும் கூடப்பிறந்த சகோதரிகள். ஒரே வளவைப் பிரித்து இருவருக்கும் சீதனமாகக் கொடுத்து நடுவே வேலி போட்டார்கள். அந்த வகையில் அப்பாவும் பெரியப்பாவும் சகலன்மார். ஊரில் இருந்த காலம் முழுவதும் அந்த வேலிக்காக இருவரும் சண்டைபிடித்தார்கள். வருசாவருசம் வேலி அடைக்கும்போது, கதியாலை ஒரு முழம் என் காணிக்குள் அரக்கி நட்டுவிட்டான் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வார்கள். கதியால் என்பது வேலிக்கு நடும் உயிர்க்கொம்பு. நட்ட இடத்தில் வேர்விடும், வழக்கும் கூடவே வேர்விடும். கோட்டில் அந்த வழக்கு முடிவதற்குள் நாட்டில் சண்டை வந்துவிட்டது.

லண்டனில் நிலைமையே வேறு. பெரியம்மா இடம்பெயர்ந்து போன வழியில் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பெரியப்பாவை இங்கே கூப்பிட்டு, எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் பின்னறையில் வைத்திருந்தான். அவருக்கும் அப்பாவுக்கும் ஆங்கிலம் வராது, குளிர் ஒத்துவராது, பேச ஆளில்லை. காலையில் பெரியப்பா வந்து மணியடிப்பார். இருவரும் தொப்பி, மப்ளர் சகிதம் நூலகத்துக்குப் போய் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் பார்ப்பார்கள். பிறகு பார்க்கில் ஒரு சுற்று. பார்க் நாய்களைப் பார்த்து இருவரும் ஒரே மாதிரிப் பயப்படுவார்கள். லண்டனுக்கு வந்தபிறகு அப்பா சிரிப்பதை நான் கண்டது பெரியப்பாவோடுதான். வேலியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா என் வீட்டிலேயே இருக்கிறார், பிறகு யாரைக் கேட்பது? சோற்றுக் கோப்பையோடு இருந்த அப்பாவிடம் கேட்டேன். "கிணத்துக்கு அங்காலை, பூவரசுக்கு நேரை கீறு" என்றார். கீறினேன். முழு ஊருக்கும் நீதிபதியாக இருந்தவன், சொந்த வேலிக்கு ஒரு பக்கச் சாட்சியோடு தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆண்டுக் கூட்டம் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. படம் ஒரு சுவர் நீளத்துக்குத் தொங்கியது. சனம் குத்துவிளக்கை விட்டுவிட்டுப் படத்தடிக்கு ஓடியது. தங்கள் ஒழுங்கையை விரலால் தடவினார்கள். ஒரு அம்மா தன் வீட்டுக் கிணற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதார். நான் பென்சில்களோடு பக்கத்தில் நின்று பாராட்டுகளை ஏற்றுக்கொண்டிருந்தேன். இங்கிலாந்து மகாராணியே வந்து கைகொடுத்தாலும் வியந்திருக்கமாட்டேன், அந்த நிலையில் இருந்தேன்.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையார் கோயிலில் தொடங்கி, ஒழுங்கை வழியாக விரலை நடத்திக்கொண்டு எங்கள் வளவடிக்கு வந்தார். அங்கே விரல் நின்றது.

"வைத்திலிங்கம், இஞ்சை வா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "உன்ரை பெடியன் லண்டனுக்கு வந்தும் கதியாலை அரக்கிப்போட்டான்!"

பக்கத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெரியப்பாவும் பாதிப் பகிடியாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்பா சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். அப்பா சிரிக்கவில்லை.

"அரக்கினது ஆரெண்டு கோட்டிலை தெரிஞ்சதுதானே" என்றார்.

"கோட்டிலை ஒண்டும் தெரியேல்லை. நீதான் தவணை தவணையாய் இழுத்தடிச்சனி."

"நானோ இழுத்தனான்? பூவரசு ஆற்றை காணியிலை நிண்டது, சொல்லு பாப்பம்!"

நான் இடையில் புகுந்து, "அளவுத்திட்டப்படி பார்த்தால் அந்த ஒரு முழம் படத்தில் ஒரு பென்சில் கோட்டின் தடிப்புக்கூட வராது" என்று விளக்கினேன். வகுப்பில் படித்தது. ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் பக்கத்து வளவுக்காரர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவர் தன் ஒழுங்கை ஒடுங்கிவிட்டது என்றார். இன்னொருவர் யாரோ கட்டாத மேல்மாடிக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். ஒருவர் என் சட்டைப் பையிலிருந்தே பென்சிலை உருவித் தன் மாட்டுக்கொட்டிலைப் பெரிதாக்கத் தொடங்கினார். சோற்றுப் பார்சல்கள் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

மண்டபத்தின் வெள்ளைக்காரக் காவலாளி ஓடிவந்து என்னிடம் என்ன சண்டை என்று கேட்டார். வேலி என்றேன். பதறிப்போய்ப் பள்ளிக்கூடத்து வேலியை ஜன்னலால் எட்டிப்பார்த்தார். இந்த வேலி இல்லை, இலங்கையில் இருக்கிற வேலி என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை என் எதிரிக்கும் கிடைக்கக்கூடாது. மண்டபத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவும் பகிடியாகவே முடிந்திருக்கும். அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

"உன்ரை மனிசி உயிரோடை இருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள்" என்றார் அப்பா.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அவளை இதுக்கை இழுத்துப்போட்டாய் என்ன" என்றார் மெதுவாக. பிறகு குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், தனியே நடந்து போனார். சுவரில் படம் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

அடுத்த நாள் காலை மணி அடிக்கவில்லை. அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு டிவி பார்த்தார். விளங்காத டிவி. அந்த மாரிக்குளிர் முழுவதும் அவர் நூலகத்துக்குப் போகவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டைத் தாண்டும்போது தெருவின் மறுபக்கத்துக்கு மாறிப்போனார்.

நான் சும்மா இருப்பேனா? வேலியைச் சரி நடுவில் போட்டுப் புதுப்படம் ஒன்று கீறிப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். "நடுவிலை போட்டால் நான் அரைவாசி கள்ளன் எண்டு வரும்" என்று திருப்பித் தந்தார். அப்பாவும் அதையேதான் சொன்னார், சொல்லுக்குச் சொல். (இருவருக்கும் அவ்வளவு ஒற்றுமை.) கடைசியில் வேலியே இல்லாமல் கீறினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வேலியில்லாட்டி இது எங்கடை ஊரெண்டு ஆருக்குத் தெரியும்? நீ போய்ப் படி" என்றார்.

அடுத்த வருசம் பெரியப்பா கனடாவில் இருந்த மகளிடம் போவதாக முடிவானது. மினிகாப் அவர் வாசலில் வந்து நின்றபோது அப்பா எங்கள் ஜன்னலடியில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போய் ஒருக்கால் கதைச்சிட்டு வாங்கோவன்" என்று கெஞ்சினேன். "சூட்கேஸ் தூக்க அவனுக்கு ஆக்கள் இருக்கினம்" என்றார். பெரியப்பா காரில் ஏறுமுன் எங்கள் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பினார். அப்பா திரையை விட்டுவிட்டார்.

கேட்டிருக்க வேண்டும். தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவரைப் போய் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ ஊர்க்காரரைத் தேடி வெம்பிளிக்கும் இல்ஃபோர்டுக்கும் ரயில் ஏறினேன், பக்கத்தில் இருந்தவரிடம் போகவில்லை. ஒரு ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அப்பாவுக்கு லண்டனில் இருந்த ஒரே சிநேகிதத்தை நான் இல்லாமல் செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இது நிரந்தரப் பகிடியாகிவிட்டது. யாருடைய பிரச்சினையிலாவது நான் நியாயம் சொல்லப் புறப்பட்டால் மனைவி, "இவர் படம் கீறப் போறார், எல்லாரும் கதியாலைப் பிடியுங்கோ" என்பாள். இங்கே பிறந்த மகளும் கதியால் என்றால் என்னவென்று தெரியாமலே அதைச் சொல்லிச் சிரிப்பாள். அம்மா ஒவ்வொரு விருந்தாளிக்கும் காவலாளி ஜன்னலால் எட்டிப்பார்த்ததை நடித்துக் காட்டுவார். அப்பா மட்டும் அந்த நேரம் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

சில வருசங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவில் இருந்து போன் வந்தது. பெரியப்பா போய்விட்டார். நான்தான் அப்பாவிடம் சொன்னேன். அவர் மேசையில் இருந்த பேப்பரை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"ஒரு முழந்தானேடா" என்றார் கடைசியில். "நீ அவன்ரை பக்கம் விட்டுக் கீறியிருக்கலாம்."

நீங்கள் சொன்ன இடத்தில்தானே கீறினேன் என்று வாய்வரை வந்தது.

"ஓம் அப்பா, விட்டிருக்கலாம்" என்றேன்.