ஏழு பிஎம்எக்ஸும் ஒரு கட்டிலும்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கண்ணுசாமிக்குப் பதினோரு வருடமாக ஒரு வயிற்றெரிச்சல். வீட்டுக்குப் பின்னால் செயினில்லாமல் கிடந்த அவருடைய சின்ன வயசு பிஎம்எக்ஸ் சைக்கிளை, "உனக்கெதுக்கு மாப்ள இந்த எடஞ்சல்?" என்று சிநேகிதர் அன்பரசு ஒரு டீக்கும் இரண்டு போண்டாவுக்கும் தள்ளிக்கொண்டு போனார். அடுத்த மாதமே அதே டீக்கடையில், "அது நாப்பதாயிரம் போவும்" என்றார். அன்றைய டீக்குக் காசு கொடுத்தது கண்ணுசாமி.

'இன்னும் ஏறும்' என்கிற இந்த இனத்தை உங்களுக்கும் தெரியும். இவர்கள் எதையும் வாங்குவதில்லை, எடுத்து வைக்கிறார்கள். அன்பரசு எடுத்து வைத்தவை, கண்ணுசாமியுடையதையும் சேர்த்து, ஏழு. மற்றவற்றில், சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பின் மொட்டை மாடியில் காய்ந்தது ஒன்று, கெங்கவல்லியில் கோழிகள் ஏறி உறங்கியது ஒன்று, மீதி காயலான் கடைகளில் என்று ஊர் ஊராகப் பொறுக்கி, பழைய ஸ்டிக்கர், பழைய டயர், பழைய துரு எதன்மேலும் விரல் படாமல், பழைய வேட்டி போர்த்தி, வீட்டிலிருந்த ஒரே தனியறையில் நிறுத்தியிருந்தார். ஓட்டுவாரா? ஓட்டினால் டயர் தேயும். காற்றாவது அடிப்பாரா? அடித்தால் ட்யூப் வெடிக்கும். எந்த நாட்டிலோ எவரோ ஒரு பிஎம்எக்ஸை மூன்று லட்சத்துக்கு விற்ற படத்தைச் செல்போனில் பார்ப்பார், ஏழால் பெருக்குவார், தூங்கிப்போவார்.

இந்த நேரத்தில் அவருடைய மாமியார் பாவாயிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும். கட்டில் போட அந்த அறையை விட்டால் வேறு இடமில்லை.

"ஏனுங்க, எங்கம்மாவ எங்க படுக்க வெக்கறது? ஹேண்டில்பார் மேலயா?" என்றார் மனைவி சுகன்யா.

"ரெண்டு வருசம் பொறு. டபுளாயிரும்."

"எங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு. அவங்களும் பழசுதானுங்க. அவங்களுக்கு ஏறாதா?"

அன்பரசு பணிந்தார். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் ஞாயிறு காலை வந்து ஏழையும் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடானது. சைக்கிள்களைக் கண்ணுசாமியின் பட்டறைக்கு ஏற்றி அனுப்பி, "பாக்கற மாதிரி பண்ணி வெய்யி மாப்ள" என்றார்.

இருபத்தாறு வருடம் லாரிக்கு அடித்த கைக்கு அதற்கு அர்த்தம் ஒன்றுதான். கண்ணுசாமி பழைய பெயிண்டைச் சுரண்டினார், ஸ்டிக்கரை உரித்தார், துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தார், மஞ்சளும் சிவப்பும் அடித்தார். முன்பக்கத் தகட்டில் தாமரை. சீட்டுக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்'. ஏழும் ஆயுத பூஜைக்குக் கழுவி நிறுத்திய வண்டிகளாக மின்னின.

ஞாயிறு காலை கோயமுத்தூர்க்காரர் பட்டறைக்கு வந்து பார்த்தார்.

"அந்தத் துருவுக்காகத்தானுங்க நான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

தெரியாமல் செய்த வேலையா, பதினோரு வருட எரிச்சல் செய்த வேலையா என்று கண்ணுசாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுகன்யா மட்டும் போனில் அவரிடம் தெளிவாகச் சொன்னார்: "அங்கயே கெடக்கட்டுங்ணா. ஒண்ணு ஊட்டுக்குள்ள வந்தாலும் நான் வெளிய போயிருவேன்." சாயங்காலம் பாவாயி அந்த அறையில் ஜன்னலோரமாகக் கால் நீட்டிப் படுத்தார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் பரணில் காலிச் செல்போன் பெட்டிகள் எத்தனை? செல்லாத ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எந்தப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறீர்கள்? எதற்காக? பதில் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அன்பரசு அழுதிருப்பார் என்று நினைத்தால், இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் பட்டறைக்கு வந்தார். ஏழையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"மாப்ள, இருவது வருசம் போனா இந்தப் பெயிண்டும் பழசுதான? லாரிப் பெயிண்ட் அடிச்ச பிஎம்எக்ஸ் ஒலகத்துலயே ஏழுதான். இங்கயே நிக்கட்டும். அப்பறம், லாரிக்குப் பின்னாடி போடற மாதிரி ஏழுலயும் உம்பேர எழுதி வெச்சுரு. வரைஞ்ச ஆளு உசுரோட இல்லீன்னா வெல இன்னும் ஏறும்."