அரியர் சாமியின் விளக்கு

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில் பழங்காநத்தத்தின் ஒரு சந்துக்குள் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க காலேஜ் லைப்ரரியில் ஈ ஓட்டினார்கள், சந்தில் டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர் சுடர்ச் சித்தர். பெற்றோர் வைத்த பெயர் மொக்கைச்சாமி, மாணவர்கள் வைத்த பெயர் அரியர் சாமி. எத்தனை அரியர் இருந்தாலும் விளக்கு பார்த்துச் சொல்வார், கயிறு கட்டுவார். பாஸானால் அது கயிறு. ஃபெயிலானால் பையன் எங்கேயோ முட்டை பொரியல் தின்றிருக்கிறான்.

விளக்கு பார்ப்பது எளிது. பட்டுத் துணி போர்த்திய மேஜை, அதன் மேல் கனத்த செவ்வந்தி மாலை, மாலைக்கு நடுவே ஓர் அகல். மாணவர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். பெற்றவர்கள் சுடரையே பார்க்க வேண்டும். சாமியும் கண்ணை மூடி முணுமுணுப்பார். மனசு அலைந்தால் சுடர் சாமி பக்கம் சாயும், அடைக்கலம் தேடுகிறதாம். பரீட்சை பயத்தோடு வந்தவன் மனசு அலையாமல் வேறென்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் டோக்கன் போய்விடும்.

காவ்யஸ்ரீக்கு இது இரண்டாம் முறை. பி.காம் இரண்டாம் வருஷம், ஏழு அரியர். புத்தகத்தைத் திறப்பாள், ஃபேன் சத்தம் கேட்கும், ஃபேனைப் பார்ப்பாள், அதன் தூசியைப் பார்ப்பாள், துடைக்கத் துணி தேடிப் போவாள், போன இடத்தில் பழைய ஆல்பம் கிடைக்கும். புத்தகம் திறந்தது திறந்தபடி கிடக்கும். அதற்காக ராத்திரியெல்லாம் அழுதும் இருக்கிறாள். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர்.

லெக்சரர் ஒருவர் சொல்லி, ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஏ.டி.ஹெச்.டி. என்றார். "திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. கவனத்த ஒரு இடத்துல நிறுத்துறது இவ மூளைக்குக் கூடுதல் வேலை." காலையில் ஒரு மாத்திரை. இருபது நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் நடை. முதல் பெஞ்ச். சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு தோழி. பரீட்சைக்குச் சத்தமில்லாத தனி அறையும் கூடுதலாக அரை மணி நேரமும் தரக் காலேஜ் ஒத்துக்கொண்டது, அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டே மாதத்தில் ஒன்பது வாங்கிய பேப்பரில் இருபத்தேழு வாங்கினாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா ஹரிராம் அவளை அரியர் சாமியிடம் கூட்டிப் போனார். ஹரிராம் சுங்குடிச் சேலை வியாபாரி. சாயம் போகுமா என்று நனைத்துப் பார்க்காமல் ஒரு முழம் துணி வாங்க மாட்டார். சாமியை மட்டும் நனைத்துப் பார்க்கவில்லை.

முதல் நாளே சுடர் படுத்தேவிட்டது. "மாத்திரைய நிறுத்துங்க" என்றார் சாமி. "மண்டையில கோளாறுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் வருவான்?" அந்த ஒரு கேள்வியில் ஹரிராம் முடிந்தார். மாத்திரை பீரோவுக்குள் போனது. காவ்யஸ்ரீயின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு வந்தது.

பரீட்சைக்குத் தனி அறை கேட்கும் ஃபாரத்தைக் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி. இன்று சனி.

"சுடர் நிமிந்து நின்னா கையெழுத்துப் போடுறேன்" என்றார் ஹரிராம், படியேறும்போது. "சாஞ்சுச்சுன்னா படிப்ப இத்தோட விட்டுருவோம்மா. உன்னையப் போட்டு இம்புட்டுப் பாடுபடுத்த என்னால முடியாது." மனுஷன் கெட்டவரில்லை. அதுதான் வம்பே.

உள்ளே அறுபது பேர் சுவரை ஒட்டி நின்றார்கள். காவ்யஸ்ரீ உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடு தாயி" என்றார் சாமி. மூடினாள். மூன்று விநாடிதான். அதற்கு மேல் மூடிவைக்க அவளால் ஆகாது, போன தடவையும் ஆகவில்லை. போன தடவை திறந்த கண்ணில் முதலில் ஒரு ஈ பட்டது. ஈ துணியோரம் போனது, இவள் பார்வையும் கூடவே போனது. அங்கே சாமியின் வலது கால் கட்டைவிரல் எதையோ அமுக்கியது. அமுக்கியபோதெல்லாம் சுடர் சாய்ந்தது. வீட்டில் சொன்னாள். "அங்கயும் கண்ண மூடலையா நீ?" என்று திட்டு விழுந்ததுதான் மிச்சம்.

இன்று ஈயைத் தேடவில்லை. சாமி கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்ததும், வலக்கையால் அகலை அலுங்காமல் தூக்கிக்கொண்டாள். இடக்கையால் பக்கத்திலிருந்த திருநீற்றுத் தட்டை அகல் இருந்த இடத்துக்கு நகர்த்தினாள். ஹரிராம் பதறி எழப் போனார். அதற்குள் கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். தட்டுத் திருநீறு முழுவதும் எழும்பிப் போய்ச் சாமியின் முகத்தில் அப்பியது.

காவ்யஸ்ரீயின் கையில் சுடர் நேராக நின்றது.

"சாமி, விளக்கு எங்கிட்ட இருக்கு" என்றாள். "இப்ப அலையுறது யாரு மனசு?"

சாமி தும்மினார். ஹரிராம்தான் பட்டுத் துணியைத் தூக்கினார். வியாபாரி கை, அடிப்பக்கத்தை அப்போதுதான் பார்க்கத் தோன்றியது. கீழே ஆட்டோ ஹாரனின் ரப்பர் பந்து. அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் மேஜையைத் துளைத்து ஏறிச் செவ்வந்திக்குள் ஒளிந்திருந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்ணே" என்றார் நாலு கயிறு கட்டியிருந்த ஒருவர். "அழகர்கோவில் ரோட்டுல ஒருத்தர் இருக்காராம். அவர்தான் அசல்" என்றார் இன்னொருவர். கும்பலில் பாதி அவரிடம் வழி கேட்டுக்கொண்டது.

வாசலில் ஹரிராம் ஃபாரத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார், இதுவரை அதை அவர் வாசித்ததே இல்லை. "கண்ண மூட முடியலன்னு சொன்னியே" என்றார். "நான்தாம்மா மூடிக்கிட்டு இருந்துருக்கேன்." கயிற்றை அவரே அறுத்தார். அதில் காவ்யஸ்ரீக்கு அழுகை வந்துவிட்டது.

பரவையிலிருந்து மகனோடு வந்த ஒரு அம்மா அவளை நிறுத்தினார். "பாப்பா, உள்ள சாமி இருக்காரா?"

"சாமி இல்லக்கா. மொக்கைச்சாமின்னு ஒருத்தர் முகம் கழுவிக்கிட்டு இருக்கார்."

"கழுவி முடிக்க எம்புட்டு நேரமாகும்?"

காவ்யஸ்ரீ அவர் மகனைப் பார்த்தாள். பத்தொன்பது வயசிருக்கும். கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. "படிக்க உக்காந்தா என்ன கஷ்டம்னு இவர்கிட்ட கேட்டீங்களாக்கா?"

"இவன்கிட்ட என்னத்தக் கேக்க? அதச் சாமிகிட்ட கேக்கத்தான விடிய பஸ் ஏறி வாரோம்."

மகன் பக்கத்திலேயேதான் நின்றான். அவனைக் கேட்க டோக்கன் வேண்டியதில்லை, பஸ்ஸும் ஏற வேண்டியதில்லை. தலையை அவன் பக்கம் திருப்பினால் போதும்.