மூன்று எண்ணிக்கை முன்னால் வந்த சீழ்க்கை

ஒரு காட்டில் ஒரு மரம்கூட இல்லை. கடலுக்கு அடியில் இருந்த பவளக்காடு அது. மரம் இல்லாவிட்டால் என்ன, அலுவலகம் இருந்தது. நீர் அளவைத் துறை என்று பெயர். ஆமை அதிகாரி, நண்டு எழுத்தர்.

தினமும் காலையில் முதல் வெளிச்சம் விழுந்ததும் கடலின் மறுகோடியிலிருந்து ஒரு டால்பின் சீழ்க்கை அடிக்கும். அதே நொடியிலிருந்து, அது இங்கே வந்துசேரும்வரை நண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணும். சூடான நீரில் ஓசை வேகமாக ஓடும். உப்பு கூடினாலும் வேகம் கூடும். ஆகவே எண்ணிக்கை குறைந்தால் தண்ணீருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். இந்த விதியைக் கண்டுபிடித்த திமிங்கிலம், ஆமையின் இருக்கைக்குப் பின்னால் பாறையில் செதுக்கிவைத்துவிட்டுச் செத்துப்போனது. ஆமைக்குத் திரும்பிப் பார்க்கும் வழக்கமில்லை.

ஒருநாள் கோமாளி மீன் ஒன்று மூச்சிரைக்க வந்தது.

"ஐயா, தண்ணி சுடுது. என் முட்டை முந்நூறும் கல்லுல ஒட்டிக்கிட்டிருக்கு. கல்லோட தூக்கிக் குளிர்ந்த பள்ளத்துல வைக்க ஆக்டோபஸ் தயார். 'சூடு'ன்னு நீங்க ஒரு சீட்டு கொடுத்தாத்தான் தூக்குமாம்."

"சுடுதுன்னு யார் சொன்னா?"

"என் உடம்பு சொல்லுதுங்க."

"உடம்பு சொல்றதெல்லாம் இங்க எடுபடாது. நண்டு, எண்ணிக்கை என்னப்பா?"

"போன வருஷம் அறுநூறுங்கய்யா. இப்போ ஐந்நூத்தித் தொண்ணூத்தேழு."

ஆமையின் கழுத்து ஓட்டைவிட்டு முழுசாக வெளியே வந்தது. "மூணு எண்ணிக்கை முன்னாலயே வருதா! நம்ம துறையில எதுவும் இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லையே! விழா எடுத்துடுவோம்."

"ஐயோ, தண்ணி சுடுறதாலதாங்க அது ஓடிவருது! உங்க முதுகுக்குப் பின்னாடியே எழுதியிருக்கு, பாருங்க!"

"சூடா, உப்பா?" என்று குறுக்கே வந்தது நண்டு. "படிவத்துல ஒரு கட்டத்தைத்தான் நிரப்பலாம். எதுன்னு முடிவாகட்டும், அப்புறம் வா."

மீன் அழுதது.

"இங்க நின்னு அழாதய்யா," என்றது நண்டு. "கண்ணீர் உப்பு. அளவு கெட்டுப்போகும்."

மீன் வீட்டுக்குப் போய், துடுப்பால் முட்டைகளுக்கு விசிறத் தொடங்கியது. வெந்நீரை எடுத்து வெந்நீர்மேல் விசிறியது. தகப்பனால் வேறென்ன முடியும்?

எட்டாம் நாள் விழா. அன்று காலை, சூடு தாங்காமல் பவளக்காடு முழுவதும் பளீரென்று வெளுத்துக் கிடந்தது. வந்திருந்த விருந்தாளிகள் வாய்பிளந்தார்கள்.

"விழாவுக்குன்னே வெள்ளையடிச்சீங்களா? பிரமாதம்!"

நண்டு ஒரு கணம் யோசித்தது. "என் மேற்பார்வைதாங்க," என்றது.

சீழ்க்கை வந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு! கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆமைக்குக் கிளிஞ்சல் மாலை போட்டார்கள்.

கோமாளி மீன் வரவில்லை. முந்நூறு வெள்ளை முட்டைகளுக்கு அது இன்னும் விசிறிக்கொண்டிருந்தது. மறுநாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 'முட்டைகள் தற்போது உயிருடன் இல்லாததால் தங்கள் மனு திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது.'

நீதி: எண்ணிக்கை குறையும்போதெல்லாம் கைதட்டுங்கள். அழ வேண்டியவர்கள், அளவைக் கெடுக்காத தூரத்தில் போய் நின்று அழுதுகொள்ளலாம்.