லைட் அடித்தால் சைடு கொடுப்பவன்

கல்லூரியில் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்திப் பென்ஷன் வாங்குகிறவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நான்கு டயர்களைப் பாழாக்கியவனும் நானே. (கம்ப்யூட்டரில் ஓடும் கார்தானே என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். என் மகளிடம் சொல்லிப் பாருங்கள்.)

ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் பொருத்தி, இணையத்தில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவள் என் மகள் ஜெனிஃபர். அன்று ஆறு மணி நேரப் பந்தயம். ஒரு காரை இருவர் மாறி மாறி ஓட்ட வேண்டும். மூன்றாம் இடத்துக்குள் வந்தால் அவள் அணி மேல்பிரிவுக்குப் போகும். அதற்காகத்தான் வருடம் முழுக்க உழைத்திருந்தாள். ஆம்பூரில் இருக்கும் கூட்டாளி பிரவீனுக்கு இணையம் போய்விட்டது. மாற்று ஓட்டுநராக நான் உட்கார்ந்தேன். (நச்சரித்துப் பெயர் கொடுத்து வைத்திருந்தேன். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் கார் ஓட்டிய கர்வம்.)

"வேகம் வேணாம்பா. டயரக் காப்பாத்து, போதும். அடுத்த தபா வண்டிய நிறுத்தறப்ப பெட்ரோல் மட்டுந்தான் போடுவோம். டயர் மாத்தலன்னா நேரம் மிச்சம். அதுலதான் முந்தப் போறோம்."

"உராய்வப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன்.

அதே பந்தயத்தில், எங்கள் கணக்கில் சேராத பெரிய, வேகமான கார்களும் ஓடும். தாண்டும்போது பின்னாலிருந்து லைட் அடிக்கும். நாம் நம் பாதையிலேயே போனால் போதும், அவை விலகிப் போய்விடும். சொல்லியிருந்தாள். காது கேட்டது, கை கேட்கவில்லை. மலைப்பாதை வழக்கப்படி, லைட்டைப் பார்த்ததும் இடப்பக்கம் புல்லில் இறங்கி, பிரேக்கை மிதித்து, வலது கையை நீட்டி, 'போங்க' என்று முன்னறையில் வலப்பக்கம் நின்ற பீரோவுக்கு வழிவிட்டேன்.

"இன்னாப்பா பண்றே?"

"லைட் அடிக்கிறாம்மா. சைடு குடுத்தேன்."

"இது மலை ரோடு இல்லப்பா! நீ பாட்டுக்குப் போ!"

"பாவம், அவசரமாப் போறான்."

"ரேஸுல எல்லாருமே அவசரமாத்தாம்பா போவாங்க!"

பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு லைட்டுக்கும் இறங்கினேன். சக்கரம் சுழலாமல் இழுபட்டு, டயர் ஒரே இடத்தில் சப்பையாகத் தேய்ந்தது. ஸ்டீயரிங் பழைய டவுன் பஸ் போல உதறியது. மூன்றாம் இடத்தில் இருந்தோம். நான்காவதாக வந்த போட்டிக்காரன் என்னைக் கவனித்திருக்க வேண்டும். அவனும் லைட் அடித்தான். அவனுக்கும் கொடுத்தேன்.

ஜெனி என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். விதிப்படி மிச்சமிருந்தது இரண்டு புது டயர்தான். வலப்பக்க வளைவுகளே அதிகம், பாரம் இடப்பக்கம் விழும் என்று இரண்டையும் இடப்பக்கம் போட்டாள். அதன்பின் அவள் ஓட்டியதை என்னவென்று சொல்வேன்! முன்கூட்டியே பிரேக், பூப்போல விடுவது, தேவைக்கு மேல் ஒரு இழைகூடத் திருப்பாத கை. நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதை அவள் விரல் நுனியில் வைத்திருந்தாள். முன்னால் போனவன் முரட்டுத்தனமாக ஓட்டித் தன் டயரைத் தானே தின்றான். கடைசிச் சுற்றில் அவன் வாலைப் பிடித்துவிட்டாள். லைட்டும் அடித்தாள்.

அவன் சைடு கொடுக்கவில்லை. நான்காம் இடம்.

"என்னாலதாம்மா போச்சு," என்றேன்.

ஹெட்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தாள். "வுடுப்பா. அவனுக்கு மலை ரோட்டுப் பழக்கம் இல்ல."

மேல்பிரிவுக்குப் போக அவளுக்கு இன்னொரு வருடம் ஆனது. அந்த வருடத்தை நான் திருப்பித் தர முடியாது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும் லாபம். சமையலறை வாசலில் நான் மறித்து நின்றால் வாயைத் திறப்பதில்லை, லைட் சுவிட்சை இரண்டு முறை தட்டுகிறாள். நானும் இடப்பக்கம் ஒதுங்கி, கையை நீட்டி வழிவிடுகிறேன்.