முயலுக்கு டேப் ஒட்டிய ஆமையண்ணன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற மொத்த பயத்தையும் ஒரே ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள் என்றால், அதை எடுத்தவர் எங்கள் ஆமையண்ணன்தான். மிச்சம் மீதி இருந்ததை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். என் பங்கும் சின்னதில்லை என்பது போகப் போகத் தெரியும்.

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு டுரியான் நட்ட ஒரு தோட்டத்தில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே டிராக்டர் ஓட்டினார். டிராக்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மரத்துக்கு மரம் புகுந்து புல் வெட்டுகிற குட்டி வண்டி. அதில் கிளட்ச் கிடையாது. வலது காலுக்கடியில் இருக்கும் மிதியை முன்னால் அழுத்தினால் முன்னே போகும், பின்னால் அழுத்தினால் பின்னே வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். ஓட்டுகிறவர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி உண்டு. அதன் ஒரு முனையில் ஆமை படம், மறுமுனையில் முயல் படம். லோடு இழுக்கவும் மேடு பள்ளத்துக்கும் ஆமை, சமதரையில் சும்மா ஓட முயல்.

இவர் அந்தக் கம்பியை ஆமையை விட்டு ஒரு நாளும் நகர்த்தியதில்லை. போதாததற்கு முயல் படத்தின் மேல் கறுப்பு டேப்பை வேறு ஒட்டி மறைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அது என்னையே பாக்குது தம்பி."

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். ஆமையண்ணன் அதைத் தினமும் காலையில் செய்தார். சுற்றுவட்டாரத்துக் கடைகளில் தேநீருக்குப் பிழியக்கூட எலுமிச்சை கிடைக்காமல் போனது. டுரியான் காலத்தில் மரத்தடிக்குப் போகும்போது, முள்ளுப் பழம் தலையில் விழும் என்று நாங்களும் ஹெல்மட் போடுவோம். இவர் வருஷம் முழுக்கப் போட்டார். ரொட்டி சானாய் சாப்பிடும்போதும் போட்டார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் அதைக் கழற்றச் சொன்னதற்கு, "மேல ஃபேன் ஆடுது, பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாராம்.

ஒரு தடவை சவ ஊர்வலம் ஒன்று அவரை ஓவர்டேக் செய்தது. ஓரம் கட்டி வழிவிட்டவர் அதன் பிறகு கொஞ்ச நாள் வேலைக்கே வரவில்லை. சாவு தன்னை முந்திக்கொண்டு போனது நல்லதா கெட்டதா என்று கோயில் பூசாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பூசாரிக்கும் தெரியவில்லை.

வண்டியில் எப்போதும் ஒரு ரப்பர் மரக்கட்டை வைத்திருப்பார். எங்கே நிறுத்தினாலும் இறங்கி அதைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. சிமெண்டுத் தரையிலும் கொடுப்பார்.

ஒரு நாள் உரமூட்டைகளோடு என்னையும் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயில் மேட்டிலிருந்து இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நத்தை எங்களைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணே, இறக்கந்தானே. முயல்ல போடுங்களேன், சீக்கிரம் போலாம்" என்றேன்.

அவர் வண்டியை நிறுத்தி, கட்டையைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் வந்து நின்றார்.

"மொதல்ல நல்லாத்தான் ஓடும். அப்புறம் நீ காலை எடுத்தாலும் பிடிக்காது. பின்னால இருக்கிற லோடு தள்ளும். பயந்து போயி, ஓடுறப்பவே ஆமைக்கு மாத்தலாம்னு கம்பியை இழுப்ப. அது முயலை விட்டு வந்திரும். ஆனா ஆமையில விழாது, வண்டி நின்னாத்தான் விழும். நடுவுல மாட்டிக்கும். அப்ப வண்டி யாருக்கும் சொந்தமில்ல தம்பி."

நான் பின்வண்டியிலிருந்து இறங்கினேன். மீதித் தூரத்தை நான் நடந்தே வந்தேன். அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரப்பர் தோட்டத்தை விற்று டுரியான் நட்டபோதும் அந்த மேட்டிலிருந்த அம்மன் கோயிலை யாரும் தொடவில்லை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு ஈப்போ, காம்பார் என்று பிழைக்கப் போன சனமெல்லாம் காரில் வந்து இறங்கும். அம்மன் மரரதத்தில் ஏறிக் கீழே வருவாள். லோரி திரும்ப அந்தப் பாதையில் இடமில்லாததால் நம் குட்டி டிராக்டர்தான் ரதத்தை இழுக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்கள், ரதம் வந்து அவர்கள் முன்னால் நிற்கும். ஆமையண்ணன் ஓட்டுவதால் கடைசி வீட்டுக்கு அம்மன் போய்ச் சேருவதற்குள் தட்டிலிருக்கும் வாழைப்பழம் கறுத்துவிடும்.

அந்த வருஷக் கோயில் கூட்டத்தில் தலைவர் மணியம் எழுந்தார். மலையிலிருந்து மரம் ஏற்றி வரும் பாலாக் லோரியை வாழ்நாளெல்லாம் ஓட்டியவர்.

"இந்தத் தடவை நான் ஓட்டுறேன். பாலாக் லோரியே இறக்கியாச்சி, இது விளையாட்டுச் சாமான்லா."

ஆமையண்ணன் சண்டை போடவில்லை. "இறக்கத்துல மட்டும் ஆமையில போங்க தலைவரே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

திருவிழா அன்று மத்தியானம் மழை கொட்டி, சாயங்காலம் விட்டது. செம்மண் பாதை சகதியாகக் கிடந்தது. தட்டு வாங்கிக் கொடுக்க நான் ரதத்தின் மேல் பூசாரி பக்கத்தில் நின்றேன். தலைவர் சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தக் கறுப்பு டேப்பைக் கிழித்துப் போட்டார். ஆமையண்ணன் ஹெல்மட்டோடு, கட்டையைப் பிள்ளைபோல மார்போடு அணைத்துக்கொண்டு, ரதத்தின் சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தார்.

மேடு முடிந்து இறக்கம் ஆரம்பித்த இடத்தில் தலைவர் முயலில்தான் இருந்தார். முதலில் நன்றாகத்தான் ஓடியது. காற்றில் மாலையெல்லாம் ஆட, "இதுல்ல ஓட்டம்" என்று பூசாரிகூடச் சொன்னார். பிறகு தலைவரின் வலது கால் மிதியை விட்டு மேலே வந்தது. வண்டி நிற்கவில்லை. ரதம் தள்ளியது. தலைவர் பிரேக்கை மிதித்தார். சக்கரம் சுற்றுவது நின்றது, ஆனால் வண்டி சகதியில் வழுக்கிக்கொண்டே போனது. பிரேக்கைக் கொஞ்சம் விட்டார். உடனே லோரிக்காரரின் கை பழக்கத்தில் கம்பியை இழுத்தது.

கறகறவென்று ஒரு சத்தம். கம்பி நடுவில் நின்றது. வண்டி யாருக்கும் சொந்தமில்லாமல் போனது.

இறக்கத்தின் அடியில் முதல் வீட்டுச் செல்லம்மா அக்கா, பாதை நடுவில் சூடம் எரியும் தட்டோடு கண்ணை மூடி நின்றார். அவருக்குப் பின்னால் சனம். அந்தச் சனத்தில் என் மனைவி, அவள் இடுப்பில் எங்கள் மகள். நான் கத்தினேன். உருமி மேளத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு உருமியோடு சாக்கடையில் குதித்தார்கள். அருள் வந்துவிட்டது என்று சனம் அவர்களைக் கும்பிட்டது. ஒருவரும் நகரவில்லை. எங்கள் ஊரில் ரதம் வந்தால் யாரும் விலக மாட்டார்கள். தட்டு இருக்கிற இடத்தில் அது நிற்கும், பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். என் மகள் எனக்குக் கை காட்டினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை, இனியும் பயப்பட முடியாது.

அப்போது என் காலுக்குக் கீழே ஒரு ஹெல்மட் ஓடியது. ஆமையண்ணன் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. ரதத்தின் முன்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தார். சக்கரம் கட்டையையும் இழுத்துக்கொண்டு போனது, ஆனால் வேகம் குறைந்தது. அவர் டிராக்டரில் தாவி ஏறித் தலைவரின் கையைப் பிடித்தார்.

"பிரேக்கை விடாதீங்க. நல்லா மிதிங்க. இருங்க, இருங்க. இப்ப."

சக்கரம் சுற்றாமல் நின்ற ஒரு கணத்தில் கம்பியைத் தள்ளினார். ஆமையில் விழுந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. தட்டுக்கும் டிராக்டர் மூக்குக்கும் நடுவில் ஒரு தேங்காய் வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

செல்லம்மா அக்கா கண்ணைத் திறந்தார்.

"என்னா பூசாரி, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க. சூடம் அணையுதுலா."

பூசாரி மணியை எடுத்தார். ஆட்ட வேண்டிய வேலையில்லாமல் அது தானாக அடித்தது.

தலைவர் சீட்டை விட்டு இறங்கிப் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். மீதி ஊர்வலம் ஆமையில் போனது. வாழைப்பழம் கறுத்தது, சோறு ஆறியது, ஒருவரும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில் தலைவரே புது டேப் வாங்கி வந்து தன் கையால் முயலை மூடினார்.

அன்று ஊர்வலம் முடிந்ததும் ஆமையண்ணனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஹெல்மட்டைக் கழற்றாமலே குடித்தார்.

"உங்களுக்கு இருக்கிற பயத்துக்கு எதிர்ப்பக்கம்லண்ணே ஓடியிருக்கணும்" என்றேன்.

"ஓடலாம்னுதான் பாத்தேன் தம்பி. உன் பிள்ள அங்க நிக்கிது. பாத்துக்கிட்டு இருக்கத்தான் ரொம்பப் பயமா இருந்திச்சு."

இப்போது அவர் பத்து காஜாவில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் வீடு மாடியில்லாத வீடுதானா என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். மழை பிடித்தால் போதும், போன் வரும்.

"வீட்டுல இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"பிள்ள?"

"அவளும் இருக்கா."

"சரி, எங்கயும் போவாதீங்க."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். இதை எழுதும்போது வெளியே நல்ல மழை. இன்னும் போன் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.