பதினெட்டு நிறுத்தங்களும் ஒரு மீசையும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காளைக் குறையில்லாமல் வைத்திருக்கும் அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே நீயும் உன் மீசையும் சௌக்கியம்தானே? மீசையைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. அகதிகளுக்கு உதவ நடந்த சைக்கிள் பயணத்தை நான் முடித்தால் உன் மீசை, முடிக்காவிட்டால் என் மீசை என்று பந்தயம் கட்டினாயே, முடித்துவிட்டேன்.

குடியிருப்புச் சங்கத்தார் தேர்ந்தெடுத்த பாதை, நான் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய அதே பாதை. முதல் நிறுத்தம் வந்ததும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த பல் டாக்டர் என் மேல், அவர் மேல் சங்கத் தலைவர், தலைவர் மேல் பேனர். "ஏன் சார் நின்னீங்க?" "ஸ்டாப் சார்!" அடுத்த நிறுத்தத்திலும் இதே கூத்து, அதோடு எல்லாரும் என்னைக் கழற்றிவிட்டுப் பறந்துவிட்டார்கள். நானா அசருவேன், பதினெட்டு நிறுத்தத்துல ஒண்ணைக்கூட விடலை. ஆஸ்பத்திரி ஸ்டாப்ல நின்னுட்டிருந்த ஒருத்தர், நான் நின்ன தோரணையைப் பார்த்துட்டு, "கடைசி ஸ்டாப் போகுமா?"ன்னார். "போகும், ஏறுங்க"ன்னு வாய் சொல்லிடுச்சு, கேரியர்ல உட்கார்ந்துட்டார். விசாரிச்சா, அகதியே அவர்தான்! நாடு விட்டு வந்த முடிதிருத்துற தொழிலாளி. நிறைவு விழாவுல நன்றி சொல்லிப் பேசணுமாம். அவருக்கு உதவ நாங்க ஊர்வலம் போறதால அவர் போற பஸ்ஸை நிறுத்திட்டாங்களாம். அப்புறம் கடைசி ஸ்டாப்புக்கு முன்னால அந்த மேடு. பல்லைக் கடிச்சு மிதிச்சு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரே கைதட்டல்.

ஆகவே சாக்குப்போக்குச் சொல்லாமல் மீசையை எடுத்துவிடு. குழந்தைகளுக்கு ஆசிகள், உன் மீசைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற அத்தான்

பின்குறிப்பு: நேற்று ராத்திரி உறையை ஒட்டுமுன் உன் அக்காள் படித்துவிட்டாள். பத்திரிகையில் வந்த படத்தையும் உள்ளே வைத்தே தீரணுமாம். அதில் மிதிப்பவர் அந்த முடிதிருத்துபவர். கேரியரில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது நான். மேட்டடியிலேயே எனக்கு மூச்சு முட்டி, இடம் மாறிக்கொண்டோம். "இறங்கிடறேன், நான் ரொம்ப கனம்" என்றேன். "எங்கம்மாவைப் பதினோரு நாள் முதுகுல சுமந்து எல்லை தாண்டினேன் ஐயா. அவங்க உங்களை மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தச் சொல்லலை" என்றார். சிரித்துவிட்டேன் மச்சான், அழுகையும் வந்துவிட்டது.

உன் மீசை உன்னிடமே இருக்கட்டும். என்னுடையதை இன்று காலை அவர்தான் எடுத்தார். பாதி மீசை போனதும் மனசு கேட்காமல் நாற்காலியை விட்டு எழப் பார்த்தேன். தோளை அழுத்தி, "உட்காருங்க, இன்னும் ஸ்டாப் வரலை" என்றார்.